திருநீறு தின்ற பிள்ளை

அன்புள்ள வள்ளிக் கண்ணுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. உன் வீட்டில் நலமில்லை என்று தெரிந்த பிறகு அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. என் நலத்துக்கு ஒன்றும் குறைவில்லை. முட்டி வலிக்கிறது. வீட்டில் வேறு பேச்சுத் துணை இல்லாததால் அதோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மாப்பிள்ளை வந்திருந்தார். கடைக்குப் பனியன் எடுக்கத் தாராபுரத்திலிருந்து வரும்போதெல்லாம் என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற நல்ல குணம் அவருக்கு உண்டு. எப்போதும் மழை, பஸ் கூட்டம், சரக்கு என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பவர், நேற்று நான் கொடுத்த காபி ஆடை கட்டும்வரை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகுதான் சொன்னார். "ஏனுங்க மாமா, சரசு பள்ளிக்கூடத்துப் பிரேயர்ல மயங்கி உழுந்துட்டாளுங்க. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனமுங்க. கண்ணை இழுத்துப் பாத்துட்டு ஒடம்புல ரத்தமே இல்லைங்கறாரு. மாத்திரை எழுதிக் குடுத்துட்டு, வளர்ற புள்ளைக்குத் தெனம் ஒரு முட்டையாச்சும் குடுங்கன்னுட்டாருங்க. எங்கம்மா அதைக் கேட்டுட்டு, இந்த ஊட்டுக்குள்ள முட்டை வந்தா நான் வெளிய போயிர்றேன்னு நிக்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும்." வள்ளி என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "அவ ஒண்ணுமே பேசறதில்லீங்க மாமா. அவளும் எளச்சுப் போயிட்டா," என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். செருப்பை மாட்டும்போது, மாமனாரின் மனம் குளிரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "ஆனா சாமி பக்தி மட்டும் சரசுக்கு ரொம்ப எச்சுங்க மாமா. முருகன் படத்துக்கு முன்னால இருக்கற திருநூறை எடுத்து எடுத்து வாயில போட்டுக்குவா. சம்படம் சீக்கிரமே காலியாயிருது. உங்க பேத்தி ஆச்சுங்களே!" அவர் தெருமுனை திரும்பும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  

உனக்கு ஞாபகம் இருக்கிறதா கண்ணு? உனக்கும் ஒரு காலத்தில் அந்தப் பக்தி இருந்தது. பதின்மூன்றோ பதினாலோ உன் வயது. உன் அம்மா காய்ச்சலில் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதே வீடுதான், இதே சுவரில் இதே முருகன் படம்தான். பித்தளைச் சம்படத்தில் திருநீறு வாங்கி நிரப்புவேன். நெற்றியில் இட்டுக்கொண்டு மிச்சம் ஒரு சிட்டிகையை வாயில் போடுவது நம் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆனால் நீ காலையில் போடுவாய், பள்ளிக்கூடம் விட்டு வந்து போடுவாய், விளக்கு வைக்கும்போது போடுவாய். சம்படம் காலியாகிக்கொண்டே இருந்தது. நான் கம்பெனியில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். தாயில்லாத பிள்ளைக்கு முருகனே தாயாக இருக்கிறான் என்று சொன்னேன். கேட்டவர்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். உடம்பில் ரத்தம் வற்றிய பிள்ளை மண்ணுக்கும் சாம்பலுக்கும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலையும் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. வேறு வீடாக இருந்தால் பிள்ளை மண்ணைத் தின்கிறது என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு, டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நம் வீட்டில் அது திருநீறாக இருந்ததால் பக்தி ஆகிவிட்டது.

அப்போது நாம் என்ன சாப்பிட்டோம் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளை வெளேரென்று மில்லில் தீட்டிய அரிசிச் சோறு. நான் கம்பும் சோளமும் தின்று வளர்ந்தவன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனதும் இனி என் வீட்டில் கம்மஞ்சோறு பொங்குவதில்லை என்று சபதம் போட்டவன். கம்மஞ்சோறு என்றாலே காடுமேட்டில் கஷ்டப்படுகிறவர்களின் சாப்பாடு என்று எங்கள் எல்லோருக்குமே ஓர் இளக்காரம். சம்பளம் வந்ததும் முதல் வேலையாக வெள்ளைச் சோற்றுக்கு மாறினோம். அதிலும் கஞ்சியை வடித்துக் கொட்டினால்தான் பூப்போலச் சோறு. சாயங்காலம் வரும்போது உனக்கு ஆசையாகப் பன் வாங்கி வருவேன். கட்டிங் வேஸ்டில் நல்ல வெள்ளைத் துணியாகப் பார்த்து அதைச் சுற்றிக்கொண்டு வருவேன். நீ டீயில் தொட்டுத் தின்பாய், பிறகு இரவில் பசிக்கவில்லை என்பாய். பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று நான் சந்தோஷமாகப் படுத்துக்கொள்வேன்.

நடுவில் நீ பெரிய பிள்ளை ஆனாய். வெள்ளகோவிலிலிருந்து உன் தாய்மாமனும் அத்தையும் சீர் கொண்டுவந்தார்கள். அத்தை தங்கியிருந்த நாளெல்லாம் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெயை ஊற்றி, கருப்பட்டியோடு உன்னைத் தின்ன வைத்தாள். "இடுப்பு எலும்பு கெட்டிப்படோணும் கண்ணு, முழுங்கு," என்று அவள் மிரட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது. சீர் முடிந்தது, அத்தை ஊருக்குப் போனாள், களியும் அதோடு நின்றது. மிச்ச உளுந்தை நான் வண்டு விழும்வரை டப்பாவில் வைத்திருந்து கொட்டினேன். யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. பிள்ளையை உட்கார வைத்து மாலை போட்டு, ஊரைக் கூட்டி, வளர்கிற உடம்புக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அதையெல்லாம் சடங்காகச் செய்துவிட்டு, சடங்கு முடிந்ததும் அவள் வளர்ந்து முடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்கிறோம். வளர்ச்சியும் மாதாமாதம் ரத்தம் போவதும் அப்போதுதான் தொடங்குகிறது. அதை எனக்குச் சொல்ல வீட்டில் பெண் துணை இல்லை. உனக்குக் கேட்க வாய் இல்லை. இதற்கு மேல் கிருத்திகை விரதம், சஷ்டி விரதம் என்று அம்மா இருந்த விரதத்தையெல்லாம் நீ எடுத்துக்கொண்டாய். அதற்கும் நான் பெருமைப்பட்டேன்.

கடைசியில் உன்னை டாக்டரிடம் கூட்டிப் போனது பாப்பாத்தி போட்ட சத்தத்தால்தான். அவள் எங்கள் கம்பெனியில் பனியன் மடிக்கிறவள், நெருப்பெரிச்சல் என்ற ஊரிலிருந்து நடந்து வருவாள், வாய் மட்டும் ஊர் கேட்கும். ஒருநாள் நீ எனக்குத் தூக்குப் போசியில் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கம்பெனிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். "ஏனுங்க மாஸ்டரு, புள்ளை ஏனுங்க சுண்ணாம்பு அடிச்ச செவுராட்டம் இருக்குது? துணியில மட்டும் கண்ணு வெச்சுட்டு இருந்தா ஆச்சுங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தோடேயே உன்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா உன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "மண்ணு, சாம்பல், சிலேட்டுக் குச்சி, பச்சரிசி, இப்படி ஏதாவது திங்கிறியாம்மா?" என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் இல்லீங்க, திருநூறு மட்டும்தானுங்க, சாமிப் பிரசாதம்," என்றேன். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க முடியாது. பிறகு கேட்டார்: முட்டை? சைவமுங்க என்றேன். பால்? காப்பிக்கு வாங்குவமுங்க என்றேன். கீரை, பயறு? எப்பவாச்சும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சைவம்னா என்னவெல்லாம் சாப்பிட மாட்டீங்கன்னு சொல்லிட்டீங்க. என்னவெல்லாம் சாப்பிடுவீங்கன்னு சொல்லுங்க, பார்ப்போம்."

நான் வாயைத் திறந்தேன். சோறு என்றேன். 

அவர் திட்டவில்லை. இரும்புச் சத்து மாத்திரையும் குடல் புழுவுக்கு மருந்தும் கொடுத்தார். செருப்பில்லாமல் வீட்டுக்குப் பின்னால் பொடக்காணிப் பக்கம் போகக்கூடாது என்றார். மாத்திரை தீர்ந்த பிறகும் சாப்பாடுதான் காக்க வேண்டும் என்று உட்கார வைத்துச் சொன்னார். தினமும் ஒரு கீரை. அதோடு எலுமிச்சையோ நெல்லியோ கொய்யாவோ புளிப்பாக ஒன்று இருந்தால்தான் கீரையில் உள்ள சத்து உடம்பில் ஒட்டும். ஒரு தானியம் என்றால் கூடவே ஒரு பயறு. கேழ்வரகும் எள்ளும் எலும்புக்கு. பாலும் தயிரும் கட்டாயம், கறியும் முட்டையும் இல்லாத வீட்டில் சில சத்து பாலில் மட்டும்தான் கிடைக்கும். கடலை, வெல்லம் எல்லாம் உங்கள் ஊரிலேயே விளைகிறது என்றார். சாப்பாட்டு நேரத்தில் டீயைக் கொடுத்துப் பசியைக் கொல்லாதீர்கள் என்றார். வளர்கிற பிள்ளைக்கு விரதம் கூடாது என்றும் சொன்னார். ஒன்றை விலக்கினால் அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது விரதமில்லை, பட்டினி என்று அவர் சொன்னதை நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். விரதத்தைப் பாதியில் விடுகிறோமே என்று நீ அழுதாய். அன்றைக்கே முருகன் படத்துக்கு முன்னால் நின்று, பிள்ளையுடைய விரதமெல்லாம் இனி நான் இருக்கிறேன், கணக்கை என் பேருக்கு மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டேன்.  இன்றைக்கும் நான்தான் இருந்துகொண்டிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து நான் கீரை வாங்கினேன், பயறு வாங்கினேன், பால்காரரிடம் அதிகம் ஊற்றச் சொன்னேன். நீயும் சமைத்தாய். கொள்ளுப் பயறை வேகவைத்து, தண்ணீரை இறுத்து ரசம் வைத்து, கொள்ளைக் கடைந்து பருப்பு வைத்தாய். என் தட்டில் கெட்டிப் பருப்பும் கீரையும் குவிந்தன. எனக்கு முகம் பளபளத்தது. உனக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. மாத்திரையைச் சரியாக விழுங்குகிறாயா என்று உன்மேல் சந்தேகப்பட்டேன்.

அப்புறம்தான் அந்தப் பகல் வந்தது. கம்பெனியில் கரண்ட் போய்விட்டது. சாயங்காலம்வரை வராது என்றார்கள், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உனக்குப் பள்ளிக்கூடம் லீவு. நான் சாப்பிட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போய் அரை மணிகூட ஆகியிருக்காது, திரும்பி வந்துவிட்டேன். கதவு திறந்திருந்தது. நீ அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தட்டில் வெறும் சோறு, அதன்மேல் கொள்ளு ரசத்தின் தெளிவு, ஓரத்தில் ஒரு உப்புக்கல். பக்கத்தில் சட்டியில் பருப்பும் கீரையும் மூடி வைத்திருந்தது, அது ராத்திரிக்கு எனக்கு. நான் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை ஏன் கண்ணு நீ போட்டுக்கல?" என்று கேட்டேன். நீ பயந்து எழுந்துவிட்டாய். "நீங்க நாளெல்லாம் நின்னு வேலை செய்யறீங்கப்பா. உங்களுக்குத்தானுங்க தெம்பு வேணும். நான் சும்மாதானுங்க இருக்கறேன்." சட்டியை மூடிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "அம்மாவும் இப்படித்தானுங்க சாப்புடும்."

வள்ளி, உன் அம்மாவோடு அத்தனை வருஷம் குடித்தனம் செய்தேன். அவள் சாப்பிட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் சாப்பிட்டு எழுந்து, வெற்றிலை போட்டு, கம்பெனிக்குக் கிளம்பிய பிறகு அவள் உட்காருவாள். அது மரியாதை என்று அவள் நினைத்தாள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தெருவெல்லாம் காய்ச்சல் வந்தபோது மற்றவர்களெல்லாம் கஷாயத்தில் எழுந்து நடமாடினார்கள், அவளால் மட்டும் தலையைத் தூக்க முடியவில்லை. காய்ச்சலில் போனாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அன்றைக்கு அந்த அடுப்படியில் நின்றபோது எனக்கு அது சந்தேகமாகிவிட்டது. இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. இதைக் கேட்டுத் தெளிய எனக்கு ஆள் இல்லை, அதுதான் கொடுமை.

அன்று ராத்திரி உன்னை முதலில் உட்கார வைத்தேன். நீ மாட்டேன் என்றாய். அப்பாவுக்கு முன்னால் எப்படிச் சாப்பிடுவது என்று அழுதாய். அடம் பிடித்தால் நானும் சாப்பிடப் போவதில்லை என்று நான் முண்டாசைக் கழற்றிப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். நீ சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு தினமும் அப்படித்தான். மிச்சம் இருப்பது எனக்கு. பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "மாஸ்டரு மகளுக்குக் காவலிருக்கறாரு," என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். சிரித்தவர்களின் பிள்ளைகளும் என்ன கொழுகொழுவென்றா இருந்தன!

பாப்பாத்தியிடம் சொல்லி அவள் காட்டில் விளைந்த கம்பை வாங்கினேன். சபதம் போட்ட வீட்டில் மறுபடியும் கம்மஞ்சோறு பொங்கியது. கூழில் மோரை ஊற்றிச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நீ குடித்ததைப் பார்த்து, நான் இத்தனை நாள் எதற்கு வெட்கப்பட்டேன் என்று எனக்கே புரியவில்லை. பச்சைப்பயறை ஊறவைத்துப் பனியன் துணியில் இறுக்கிக் கட்டித் தொங்கவிடுவோம், காலையில் முளை துணியைக் குத்திக்கொண்டு எட்டிப் பார்க்கும். பன் சுற்றிக்கொண்டு வந்த அதே வெள்ளைத் துணிதான். ஒருநாள் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், ஒருநாள் அரிசியும் பருப்பும், மேலே நெய். கடலையும் வெல்லமும் பாவாடை ஜோபியில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவாய். வாரத்தில் ஒருநாள் எள்ளுருண்டை பிடிப்போம், நான் பிடித்தால் உதிரும், நீ பிடித்தால் நிற்கும். பொடக்காணியில் முருங்கைக் கிளை ஒன்றை ஒடித்துப் போத்து நட்டேன். அது தழைத்ததும் கீரைக்குப் பஞ்சமில்லை. சாயங்காலம் ஒரு டம்ளர் பால், அதை நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாய். எல்லா நாளும் எல்லாம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். களி கட்டி தட்டிய நாளும் உண்டு, இருவரும் சலித்துப்போய்ப் பொரியும் கடலையும் தின்று படுத்த நாளும் உண்டு.

நீ தேறிவிட்டாய் என்று எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? டாக்டர் இமையை இழுத்துப் பார்த்துத் தலையாட்டியபோது இல்லை. ஒருநாள் நான் தட்டில் முருங்கைக்கீரையை வைத்ததும் நீ தட்டைத் தள்ளிவிட்டு, "ஏனுங்கப்பா, தெனமும் தழையேதானுங்களா? நான் என்ன வெள்ளாடா?" என்று கத்தினாய். உன் அம்மா போன நாளிலிருந்து நீ என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. நீ அடக்கமான பிள்ளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் போட உடம்பில் தெம்பு இல்லாமல்தான் அடக்கமாக இருந்திருக்கிறாய். அன்றைக்கு நான் உன்னைத் திட்டிவிட்டுப் பொடக்காணிக்குப் போய் முருங்கை மரத்துக்கடியில் நின்று அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன். திருநீற்றுச் சம்படமும் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நிரம்பியே இருந்தது. முருகன் கோபித்துக்கொள்ளவில்லை.

அதனால்தான், அவ ஒண்ணுமே பேசறதில்லீங்க என்று மாப்பிள்ளை சொன்னது என்னை இப்படி ஆட்டிவிட்டது. நீ மறுபடியும் அடக்கமாகிவிட்டாயா கண்ணு?

முட்டை கொடுக்கலாமா வேண்டாமா என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டார். சம்பந்தியம்மாள் பிடிவாதக்காரர்தான், ஆனால் பேத்திமேல் உயிரையே வைத்திருப்பவர். அவரை எதிரியாக்கிக்கொள்ளாதே. முட்டைச் சண்டையில் ஜெயிக்கிறவர் யாராக இருந்தாலும் சரசுவின் தட்டு அப்படியேதான் இருக்கும். முட்டை இல்லாமலே உன்னைத் தேற்றியிருக்கிறோம், அது முடியும். ஆனால் சும்மா முடியாது. தினமும் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒருநாளும் விடாதே. மறுபடியும் காட்டி, ரத்தம் ஏறுகிறதா என்று கேள். திருநீறு தின்கிறாள் என்பதை அவரிடம் வெட்கப்படாமல் சொல். அப்படியும் ஏறவில்லை, முட்டைதான் மருந்து என்று அவர் சொன்னால், மருந்துக்குச் சைவம் அசைவம் இல்லை. சம்பந்தியம்மாளிடம் அதை நானே பேசிக்கொள்கிறேன். சரசு கிருத்திகை இருக்கிறாள் என்றால் அதையும் என் பேருக்கு எழுதிவிடு. ஏற்கெனவே இருக்கிறவனுக்கு இன்னொருத்திக்கும் சேர்த்து இருப்பது ஒரு பாரமில்லை.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. உன் வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்? மாப்பிள்ளை சாப்பிடுகிறார், சம்பந்தியம்மாள் சாப்பிடுகிறார், சரசுவின் தம்பிக்கு ஊட்டிவிடுகிறாய், பால் அவனுக்கு, டீ அவன் அக்காளுக்கு. எல்லோரும் எழுந்த பிறகு நீயும் சரசுவும் அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்காருகிறீர்கள். தெளிந்த ரசம், ஓரத்தில் உப்புக்கல். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. எனக்கே தெரியாமல்தானே இருந்தது! நான் சொல்வது தப்பாக இருந்தால் என்னை நன்றாகத் திட்டி ஒரு கடுதாசி போடு, நான் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்கிறேன். சரியாக இருந்தால், உன் அம்மா உனக்குச் சொல்லாமல் கற்றுக்கொடுத்ததை நீயும் சரசுவுக்குச் சொல்லாமல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம்.

உன்னைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. நீ கல்யாணமாகிப் போன பிறகு கொஞ்ச நாள் ஒரு ஆளுக்குப் பொங்கிப் பார்த்தேன். ஒரு பிடி கம்பை இடிக்க உலக்கையைத் தூக்குவது எனக்கே சிரிப்பாக இருந்தது. முருங்கை இன்னும் தழைத்துக்கொண்டுதான் இருக்கிறது, பக்கத்து வீட்டு ஆடுகள் தின்கின்றன. நான் முக்குக் கடையில் டீயும் பன்னும் சாப்பிடுகிறேன். ஆமாம், அதே பன்தான். உன்னை நிறுத்த வைத்துவிட்டு நான் பிடித்துக்கொண்டேன். தெருவில் மிஷின் சத்தம் முன்னைவிட அதிகம், ராத்திரியும் ஓடுகிறது. அத்தனை சத்தத்துக்கு நடுவில் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிற குரல் ஒன்றும் இல்லை. நான் சோம்பேறி ஆகிவிட்டேன் என்று நீ நினைக்கலாம். அதில்லை. நீ சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிட்டே எனக்குப் பழகிப்போய்விட்டது. அப்போதுதான் எனக்குப் பசிக்கும். இப்போது எனக்கு முன்னால் சாப்பிட ஆளில்லை, அதனால் பசியும் வருவதில்லை.

மகள் வீட்டில் கை நனைப்பதில்லை என்று ஒரு வீம்பு வைத்திருந்தேன். வந்தால் எட்டிப் பார்க்க வந்த ஒறம்பரை மாதிரி வாசலில் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவேன். இத்தனை வருஷத்தில் உன் வீட்டு அடுப்படியை நான் பார்த்ததில்லை, நீ சாப்பிட்டதையும் பார்த்ததில்லை. கம்மஞ்சோறு பொங்குவதில்லை என்ற சபதத்தை உனக்காக விட்டேன். இந்த வீம்பையும் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பாப்பாத்திக்கு இப்போது பல் இல்லை, ஆனால் அவள் மகன் காட்டில் கம்பு விளைகிறது, ஒரு பை வாங்கி வைத்திருக்கிறேன். முருங்கைக் கீரையை ஆட்டுக்கு முந்திப் பறித்துவிடுகிறேன். அப்புச்சி தழை கொண்டுவருகிறார், நீ வெள்ளாடு இல்லை என்று அவருக்குத் தெரியும் என்று சரசுவிடம் சொல்லி வை.

மத்தியானம் எனக்கு முதலில் இலை போடாதே. பெரியவர், அப்பா, வெகுதூரம் வந்திருக்கிறார் என்று யார் சொன்னாலும் போடாதே. சரசுவை உட்கார வை, அவள் பக்கத்தில் நீயும் உட்கார். கெட்டிப் பருப்பை இரண்டு பேரும் போட்டுக்கொள்ளுங்கள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு எனக்குப் போடு. எனக்கு அப்போதுதான் பசிக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா